கோலத்தை அழித்தது யார்?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் நூறு படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில், இரண்டாம் மாடி பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். எங்களுக்கும் லேபுக்கும் ரொம்ப நாளாகவே ஆகாது. நாங்கள் அனுப்பும் ரத்த சாம்பிளை ‘ஹீமோலைஸ்டு, ரிப்பீட்’ (ரத்த அணு உடைந்துவிட்டது, மறுபடி எடுங்கள்) என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். போதாததற்கு, எந்த வார்டு சாம்பிள் எத்தனை திரும்பியது என்று லேப் இன்சார்ஜ் வாசலில் போர்டு வைத்து வாராவாரம் எழுதுகிறார். முதலிடம் எப்போதும் நாங்கள்தான்.

எங்கள் வார்டில் ஒரே சமயத்தில் இரண்டு செல்வி இருந்தார்கள். டாக்டர் போனில் ‘செல்வியம்மாவை அனுப்பிடுங்க’ என்றார். ஏழாம் பெட் செல்வி மூட்டை கட்டி, வண்டி வந்து, பேரன் பழக்கூடையோடு நின்ற பிறகுதான், அனுப்பச் சொன்னது பதினொன்றாம் பெட் செல்வியை என்று பில்லிங்கில் தெரிந்தது. அன்றிலிருந்து பில்லிங் ஆட்கள் எங்களுக்கு வைத்த பெயர் ‘செல்வி வார்டு’.

எக்ஸ்ரே ஆட்கள் எங்கள் வீல்சேரை எடுத்துப்போய்த் தங்கள் பெயரை பெயின்டில் எழுதிக்கொண்டார்கள். அதை மீட்டு வந்து ஜன்னல் கம்பியில் சைக்கிள் பூட்டுப் போட்டுக் கட்டினோம். சாவி வைத்திருந்த வார்டு பாய் டீக்குப் போன நேரத்தில் கேஷுவாலிட்டியிலிருந்து அவசரமாகக் கேட்டார்கள். பெரிய ரகளை.

எல்லாவற்றுக்கும் மேலே பொங்கல் கோலப் போட்டி. நைட் டியூட்டி முடித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் லாபியில் போட்ட கோலத்தை, நடுவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஹவுஸ்கீப்பிங் பெண் மாப் போட்டுத் துடைத்துவிட்டாள். கேட்டால், லேபிலிருந்து போன் வந்ததாம். ‘லேப்ல துடைக்கணும்’ என்று சொன்னது இவள் காதில் ‘லாபில துடைக்கணும்’ என்று விழுந்ததாம். நம்பும்படியாகவா இருக்கிறது? நடுவர் லேபின் டாக்டரான பேத்தாலஜிஸ்ட், முதல் பரிசு லேபுக்கு. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். இப்போது என் ஸ்டாஃப், மே மாதம் நர்சஸ் டேக்கு லேபைக் கூப்பிடக் கூடாது என்கிறார்கள். நான் எம்.டி.யிடம் (நிர்வாக இயக்குநர்) எழுத்தில் புகார் கொடுக்கட்டுமா, இல்லை வேறு கிளைக்கு மாற்றல் கேட்கட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், மருத்துவமனைத் தர ஆலோசகர்

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பெண் சொன்னதை நான் நம்புகிறேன். அதிலிருந்துதான் பதிலை ஆரம்பிக்க வேண்டும்.

அன்று காலையில் மருத்துவமனை முழுக்க லாபியைப் பற்றித்தான் பேச்சு இருந்திருக்கும். லாபியில் கோலம், லாபியில் பரிசு, லாபிக்கு எம்.டி. வருகிறார். அந்த நேரத்தில் போனில் ஒருவர் அவசரமாக ‘லேப்ல துடைக்கணும், சீக்கிரம்’ என்றால், யார் காதிலும் லாபி என்றுதான் விழும். காது எதை எதிர்பார்க்கிறதோ அதையே கேட்கும். புதுப் பெண்ணாக இருந்தால் ‘எங்கே சார்?’ என்று திருப்பிக் கேட்கவும் பயந்திருப்பாள். ‘ஒரு தடவை சொன்னா புரியாதா?’ என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் ஏற்கெனவே அவளுக்கு இருந்திருக்கும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம் போய், அன்று காலை லேபில் ஏதாவது கொட்டியதா, துடைக்க ஆள் வரவில்லை என்று அவர்கள் இரண்டாவது தடவை போன் செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. சதி செய்கிறவர்கள் ‘ஏன் இன்னும் வரல?’ என்று மறுபடி போன் போட்டுக் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகள் தூக்கத்தை விட்டுப் போட்ட கோலம், மனசு ஆறவில்லை என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நைட் முடித்த உடம்போடு குனிந்து நிமிர்ந்து கோலம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய் விழ வேண்டிய இடம் அந்தப் பெண்ணோ லேபோ இல்லை. ஒருவர் போனில் சொல்வதை இன்னொருவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கம் உங்கள் மருத்துவமனையில் இல்லை. கோலமும் அதனால்தான் போனது, செல்வியம்மாவும் அதனால்தான் மூட்டை கட்டினார்.

அடுத்த தடவை போவது கோலமாக இருக்காது. இன்சுலின் ‘ஃபிஃப்டீன் யூனிட்’ என்பது ‘ஃபிஃப்டி யூனிட்’ என்று காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் போனில் ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்கிறோம். கேட்டவர் எழுதிக்கொண்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, சொன்னவர் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் அது ஆர்டர். எழுத்திலும் இதே வம்பு உண்டு. யூனிட்டுக்கு ‘யு’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரி தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-லேயே இதை எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. உங்கள் கேஸ் ஷீட்டுகளை இன்றைக்கே புரட்டிப் பாருங்கள்.

செல்வியம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எழுத்தில் போக வேண்டியது என்று நான் நினைப்பது இது ஒன்றுதான். அதையும் புகாராக எழுத வேண்டாம், இன்சிடென்ட் ரிப்போர்ட்டாக, அதாவது யாரையும் குற்றம் சொல்லாமல் நடந்ததைப் பதிவு செய்யும் அறிக்கையாக எழுதுங்கள். பேரன் பழக்கூடையோடு நின்றது இப்போது சிரிப்பாக இருக்கலாம். அன்று மாறிப் போனது டிஸ்சார்ஜ் என்பதால் தப்பித்தோம். ரத்தம் ஏற்றச் சொல்லியிருந்தால்?

நோயாளியை அடையாளம் காண இரண்டு விவரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் மருத்துவமனைத் தரத்துக்கான தேசிய வாரியமான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் கேட்டுப் போகிறவர்களும் இதைக் காட்டியாக வேண்டும். பெட் நம்பர் அந்த இரண்டில் சேராது. பெட்டுக்குத்தான் நம்பர், ஆளுக்கு இல்லை. ஃபேனுக்குக் கீழே வேண்டும் என்று மதியமே இடம் மாறிக்கொள்வார்கள். பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும், இரண்டும் கையில் கட்டிய பேண்டிலிருந்து. ‘நீங்க செல்வியா?’ என்று ஒரு நாளும் கேட்காதீர்கள். காது மந்தமான பாட்டி எதைக் கேட்டாலும் ‘ஆமாம்மா’ என்று தலையாட்டுவார். ‘உங்க பேரு என்னம்மா?’ என்று கேட்டு, அவர் வாயால் வரவழையுங்கள். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்றால், நம் ஊர் வயதான பெண்கள் பலர் புருஷன் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரம்மா முந்திக்கொண்டு சொல்வார், அதுவும் சில சமயம் தப்பாக இருக்கும். அதனால்தான் பேண்டைப் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது என்கிறேன்.

ஒரே பெயரில் இருவர் அட்மிட் ஆனால், அந்த நிமிஷமே இரண்டு கேஸ் ஷீட்டிலும் ‘இதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார்’ என்று சிவப்பில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். முடிந்தால் ஒருவரை வேறு க்யூபிக்கிளுக்கு மாற்றுங்கள். ஷிஃப்ட் ஹேண்டோவரில் முதல் வரியாக இதைச் சொல்லுங்கள். செல்வி, லட்சுமி, மாரியம்மாள், முத்துலட்சுமி என்று நம் வார்டுகளில் இது வாரம் தவறாமல் நடக்கும்.

டாக்டரிடம் போனில் பேசுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கிய முறை இது. 2000-களின் தொடக்கத்தில் கொலராடோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுவினர் மருத்துவமனைக்கு ஏற்ற மாதிரி கொண்டுவந்தார்கள். ‘எஸ்பார்’ (SBAR) என்று உங்கள் டிரெயினிங்கில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். இந்த நான்கும்தான். நம் பேச்சில் அது இப்படி இருக்கும்: ‘டாக்டர், இரண்டாம் மாடி இன்சார்ஜ் பேசுறேன். பதினொன்றாம் பெட் க. செல்வி, வயசு 58, ஐ.பி. நம்பர் கடைசி நாலு இலக்கம் 2316. நிமோனியாவுக்கு அட்மிட் ஆனவங்க. ரெண்டு நாளா காய்ச்சல் இல்லை, சாப்பிடுறாங்க. வீட்டுக்கு அனுப்பலாம்னு எனக்குத் தோணுது. இவங்களைத்தானே டிஸ்சார்ஜ் பண்ணச் சொன்னீங்க?’ பேசி முடிக்க அரை நிமிஷம் ஆகாது. மூன்றாவது பகுதியில்தான் நம் பிள்ளைகள் தயங்குவார்கள். ‘எனக்குத் தோணுது’ என்று டாக்டரிடம் சொல்ல ஒரு கூச்சம். இன்சார்ஜ் நீங்கள் சொல்லிக் காட்டினால், அவர்களும் சொல்வார்கள்.

இப்போது லேப். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

‘ஹீமோலைஸ்டு’ என்ற சீட்டை உங்கள் ஸ்டாஃப் ஒரு வசவாக எடுத்துக்கொள்கிறார்கள். சிவப்பணு உடைந்து, ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரான சீரம் ரோஸ் நிறமாகிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அணு உடைந்தால் அது வெளியே கலந்து, ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏகத்துக்கும் காட்டும். அந்த ரிப்போர்ட்டை நம்பி, இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து ஏற்றினால் பாதிக்கப்படுவது உங்கள் நோயாளி. சாம்பிளைத் திருப்பி அனுப்பிய டெக்னீஷியன் உங்கள் நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறார். இதை ஸ்டாஃபிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஏன் உடைகிறது? ஸ்பிரிட் காயும் முன்பே குத்துவது, கையில் கட்டும் பட்டையான டூர்னிக்கேயை ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டியே வைப்பது, சன்ன ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுப்பது, மருந்து ஏற்றப் போட்டிருக்கும் கேனுலாவிலிருந்தே ரத்தம் எடுப்பது, எடுத்த ரத்தத்தை ஊசியோடு டியூபில் குத்திப் பிஸ்டனை அழுத்துவது, கலக்குகிறேன் என்று டியூபைக் குலுக்குவது. சில தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்கக் கூடாது. இன்னொன்று, ஊதா மூடி டியூபில் விட்டது அதிகமாகிவிட்டது என்று அதிலிருந்து சிவப்பு மூடி டியூபுக்கு ஊற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஊதாவில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசியம் உப்பு. அது கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். நீல மூடி டியூபைக் கோடு வரை நிரப்பாவிட்டாலும் திரும்பத்தான் வரும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்கு என்ற கணக்கு அங்கே தப்பிவிடும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். லேபுக்குத் தெரியாதது ஒன்று உண்டு, காலை ஐந்தரை மணி. நைட் ஸ்டாஃப் ஒருத்தி, வார்டு நிறைய நோயாளிகள், எட்டு மணிக்குள் சாம்பிள், பி.பி., இன்டேக்–அவுட்புட் கணக்கு, டிபனுக்கு முன் இன்சுலின், ஹேண்டோவர் எல்லாம் முடிய வேண்டும். பெண்கள் மெடிக்கல் வார்டில் பாதிப் பேர் வயதானவர்கள், சுகர் நோயாளிகள். நரம்பு நூலாக இருக்கும், தொட்டாலே நழுவும். பட்டர்ஃபிளை ஊசி கேட்டால் ஸ்டோரில் இல்லை என்பார்கள். லேபில் குளுகுளு அறையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு டியூப் மட்டும்தான் தெரியும்.

ஆகவே லேப் இன்சார்ஜைக் கூப்பிடுங்கள். ‘சார், ஒரு நாள் உங்க டெக்னீஷியனைக் காலையில ஐந்தரைக்கு எங்க வார்டுக்கு அனுப்புங்க. எங்க கை எங்கே தப்புதுன்னு பக்கத்துல நின்னு பார்த்துச் சொல்லட்டும்’ என்று கேளுங்கள். பதிலுக்கு உங்கள் ஸ்டாஃப் இரண்டு பேர் லேபில் போய் உட்கார்ந்து, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து ரோஸ் நிற சீரம் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கட்டும். நான் வேலை பார்த்த இடங்களில் இதைச் செய்யவைத்திருக்கிறேன். போனவர்கள் சண்டைக்காரர்களாகத் திரும்பி வந்ததில்லை.

வாசலில் இருக்கும் அந்த போர்டு மட்டும் இருக்கக் கூடாது. அதில் நான் உங்கள் பக்கம். நோயாளியின் உறவினர்கள் நடமாடும் இடத்தில் ஒரு வார்டின் பெயரைப் போட்டு எண்ணிக்கை எழுதுவது அவமானப்படுத்துவது, அது தரக் கட்டுப்பாடு ஆகாது. அவமானத்துக்குப் பயந்த ஸ்டாஃப், திரும்பி வந்த சாம்பிளை ரிஜிஸ்டரில் எழுதாமல் மறைக்கத்தான் பழகுவார்கள். கணக்கும் தப்பு. அதிகம் சாம்பிள் அனுப்பும் வார்டுக்கு அதிகம் திரும்பி வரும். நூறு அனுப்பினால் எத்தனை திரும்பியது, எந்தக் காரணத்துக்காகத் திரும்பியது என்று எழுதி இன்சார்ஜ்களுக்குள் மாதாமாதம் பேசிக்கொள்ளலாம். இதை எம்.டி.யிடம் போகும் முன் லேப் இன்சார்ஜிடமே நேரில் சொல்லுங்கள்.

வீல்சேருக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. பூட்டை இன்றே கழற்றுங்கள். சாவி டீக்கடையில் இருக்க, மூச்சுத் திணறலோடு ஒருவர் வாசலில் நிற்பது எந்த நியாயத்துக்கும் அடங்காது. வார்டு பெயரை அழித்துவிட்டு நம்பர் எழுதச் சொல்லுங்கள். கேஷுவாலிட்டிக்கு என்று ஒன்று, அதை யாரும் எடுக்கக் கூடாது. மற்றது எல்லாம் லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் பொறுப்பில். டிஸ்சார்ஜும் எக்ஸ்ரேயும் சேர்ந்து வரும் காலை நேரத்தில் எத்தனை தடவை கேட்டு இல்லை என்றானது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். அந்தக் காகிதத்தைக் காட்டினால் நிர்வாகம் புதிதாக வாங்கித் தரும். சண்டையைக் காட்டினால் மீட்டிங் போடும்.

‘செல்வி வார்டு’ என்ற பெயர் உடனே நிற்க வேண்டும். உங்களைக் கேலி செய்வது இருக்கட்டும். அந்த அம்மா ரிவ்யூவுக்கு வரும்போது, பில்லிங் கவுன்டரில் தன் பெயரைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? இதைச் சொன்னால் பில்லிங்கில் இருப்பவர்களுக்கும் புரியும். மருத்துவமனையில் சிரிப்பு வேண்டும். மரணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற நாம் சிரிக்காமல் இருக்க முடியாது. லேப்–லாபி கதையைப் பத்து வருஷம் கழித்தும் சொல்லிச் சிரிக்கலாம், அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரிக்கும் நிலையில் இருந்தால்.

அவள் இன்று அந்த நிலையில் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். இத்தனை பேர் சண்டையில் பணத்தை இழந்தது அவள் ஒருத்திதான். டாக்டருக்கோ பில்லிங்குக்கோ பைசா நஷ்டமில்லை, உங்களுக்கும் எனக்கும் இல்லை. முன்பு இருந்த 1936 ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் சரி, அதன் இடத்தில் இப்போது நடைமுறையில் இருக்கும் 2019 ஊதியச் சட்டத்தொகுப்பும் சரி, தண்டமாகச் சம்பளத்தைப் பிடிப்பதென்றால் முதலில் அவளிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றே சொல்கின்றன. அப்படியே பிடித்தாலும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 26 நாள் வேலை என்றால் ஒரு நாள் சம்பளமே கிட்டத்தட்ட 4 சதவீதம். ஆக, விளக்கம் கேட்காமல் பிடித்திருந்தால் பிடித்ததும் தப்பு, பிடித்த அளவு எப்படியும் தப்பு.

அவள் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். கத்தி வைக்கும் முன் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியல் முழுவதையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-ல் முடிவு வெளியானது. பெயர் தெரிந்தவர்களிடம்தான் ‘எங்கே துடைக்கணும் சிஸ்டர், லேபா லாபியா?’ என்று கூச்சமில்லாமல் திருப்பிக் கேட்க முடியும்.

ஆகவே எம்.டி.யிடம் போங்கள், ஆனால் லேபைப் பற்றிப் புகார் சொல்ல இல்லை. லேப் இன்சார்ஜையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவருமாகச் சேர்ந்து இரண்டு விஷயம் கேளுங்கள்: போனில் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் எல்லாத் துறைக்கும் வேண்டும், அந்தப் பெண்ணின் சம்பளம் திரும்ப வேண்டும். போன் லேபிலிருந்து போனது, கோலம் உங்களுடையது. நீங்கள் இருவரும் சேர்ந்து கேட்டால் மறுக்க முடியாது. நர்சஸ் டே அழைப்பையும் லேப் இன்சார்ஜ் கையில் நீங்களே கொடுங்கள், ஸ்டாஃபுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மாற்றல் விஷயத்தை இதெல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம். இப்போது போனால் கோபத்தில் போனதாகத்தான் ஆகும், உங்கள் பிள்ளைகள் அந்தச் சண்டையை விடாமல் தொடர்வார்கள்.

அவள் ஒப்பந்த நிறுவனத்து ஆளாக இருந்து, ‘அது எங்க கையில இல்லை’ என்று நிர்வாகம் கைவிரித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த நிறுவனத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் எப்படி மனு எழுதுவது என்று சொல்கிறேன்.